நின்ற இடத்தில் ஓடும் என்ஜின்

ஆக்ஸிலரேட்டரில் கால் படாமல், கியர் நியூட்ரலில் இருக்க, கார் நின்ற இடத்தில் என்ஜின் மட்டும் தானாக ஓடிக்கொண்டிருக்கும் நிலையைப் பணிமனைகளில் ஐடிலிங் என்பர். அந்நிலையில் என்ஜின் உண்டாக்கும் ஆற்றல் முழுவதும் அதன் சொந்த உராய்வை வெல்லவும், ஆல்டர்னேட்டரையும் தண்ணீர்ப் பம்பையும் ஏசி கம்ப்ரெஸரையும் சுழற்றவும் செலவாகிவிடுகிறது. சக்கரங்களுக்கு எதுவும் போய்ச் சேர்வதில்லை. பார்ப்பவருக்கு என்ஜின் ஓய்வெடுப்பதாகத் தோன்றினாலும், எரிதலின் இயற்பியலைக் கொண்டு நோக்கினால் அது எதிர்கொள்ளும் மிகக் கடினமான நிலைகளுள் இதுவும் ஒன்று. வரவும் செலவும் ஏறத்தாழச் சமமாக இருப்பதால், நெடுஞ்சாலை வேகத்தில் எவர் கண்ணுக்கும் படாமல் மறைந்துவிடும் சிறு இழப்புகூட, இங்கே குலுக்கலாகவும் தடுமாற்றமாகவும், சில நேரங்களில் என்ஜின் ஆஃப் ஆகி நின்றுவிடுவதாகவும் வெளிப்படுகிறது.

நான்கு சிலிண்டர்களைக் கொண்ட ஒரு பெட்ரோல் என்ஜின் நிமிடத்துக்கு 750 சுற்றுகள் வீதம் ஓடுகிறது என்று கொண்டால், அதன் கிராங்க் தண்டு நொடிக்குப் பன்னிரண்டரை முறை சுழல்கிறது. நான்கு வீச்சு என்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை எரிவதால், நொடிக்கு 25 எரிதல்கள், அதாவது 40 மில்லி நொடிக்கு ஒன்று என்ற கணக்கில் அவை நிகழ்கின்றன. இரண்டு எரிதல்களுக்கு நடுவே தண்டைச் சுழலவைப்பது ஃபிளைவீலில் சேர்ந்திருக்கும் இயக்க ஆற்றல் மட்டுமே. அந்த ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், 3000 சுற்றில் இருப்பதில் பதினாறில் ஒரு பங்குதான் 750 சுற்றில் கையிருப்பாக இருக்கிறது. ஒரு சிலிண்டர் ஒரே ஒரு முறை எரியத் தவறினாலும் ஐடிலிங்கில் தண்டின் வேகம் சட்டென்று விழுவதும், அதே தவறு வேகமாக ஓடும்போது உணரப்படாமலே கடந்துபோவதும் இதனால்தான்.

ஓட்டுநரின் உடல் உணரும் குலுக்கலுக்கும் இதே கணக்கில் விளக்கம் கிடைக்கிறது. எல்லாச் சிலிண்டர்களும் ஒழுங்காக எரியும்போது எழும் அதிர்வு நொடிக்கு 25 முறை என்ற அலைவெண்ணில் இருக்கும். என்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட்கள் அதைப் பெரும்பாலும் உள்வாங்கிக்கொள்ளும். ஒரே சிலிண்டர் தொடர்ந்து எரியாமல் போகுமானால், இரண்டு சுற்றுக்கு ஒரு முறை வீதம், நொடிக்கு ஆறு முறைக்குச் சற்று மேலாக ஒரு புதிய உலுக்கல் தோன்றுகிறது. உட்கார்ந்திருக்கும் மனித உடல் மேலும் கீழுமான அதிர்வை மிகக் கூர்மையாக உணர்வது நொடிக்கு 4 முதல் 8 முறை வரையிலான எல்லையில்தான். ஆகவே மெக்கானிக்குகள் மிஸ் அடிப்பது என்று சொல்லும் அந்தக் குறை, எந்தக் கருவியும் காட்டுவதற்கு முன்பே இருக்கையில் தெரிந்துவிடுகிறது. மூன்று சிலிண்டர் என்ஜின்களில் எரிதல்களின் இடைவெளி இயல்பிலேயே பெரிது என்பதோடு, முன்பின்னாக என்ஜினை ஆட்டும் ஒரு சமநிலையின்மையும் அவற்றின் அமைப்பிலேயே உண்டு. 1983-இல் வந்த மாருதி 800-இன் 796 கன சென்டிமீட்டர் என்ஜின் முதல் இன்றைய பல சிறிய கார்கள் வரை இந்திய வீதிகளில் மூன்று சிலிண்டர் என்ஜின்கள் ஏராளம் என்பதால், எந்த அளவு அதிர்வு இயல்பானது, எது குறை என்பதை அந்தந்த என்ஜினின் அமைப்பை வைத்தே முடிவுசெய்ய வேண்டும். டேக்கோமீட்டரின் முள் அசையாமல் நிற்க, கார் மட்டும் அதிருமானால், எரிதலைச் சந்தேகிப்பதற்கு முன் தளர்ந்துபோன அல்லது கிழிந்துபோன மவுண்டைப் பார்த்துவிடுவது நல்லது. இந்த எளிய சோதனையைத் தவிர்த்துவிட்டு ஸ்பார்க் பிளக்கும் காயிலும் மாற்றப்பட்ட கார்கள் குறைவல்ல.

எரிதலே ஐடிலிங்கில் ஏன் தடுமாறுகிறது என்பதற்கு, காற்று உள்ளே வரும் வழியைப் பார்க்க வேண்டும். காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் தகடு ஏறக்குறைய மூடியிருப்பதால், அதற்குப் பின்னால் உள்ள இன்டேக் மேனிஃபோல்டில், அதாவது காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துத் தரும் குழாய்த்தொகுதியில், அழுத்தம் 30 முதல் 40 கிலோபாஸ்கல் வரை இறங்கிவிடுகிறது. வெளியே வளிமண்டல அழுத்தமோ 101 கிலோபாஸ்கல். புகை வெளியேறும் வால்வு முழுதும் மூடுமுன்பே காற்று நுழையும் வால்வு திறக்கத் தொடங்கும் என்ஜின்களில், அந்தச் சிறு இடைவேளையில் அழுத்தம் மிகுந்த பக்கத்திலிருந்து எரிந்த புகை பின்னோக்கி இழுக்கப்பட்டுப் புதிய கலவையோடு சேர்ந்துகொள்கிறது. இப்படிச் சேரும் எரியாத் தன்மையுள்ள வாயு, சில என்ஜின்களில் சிலிண்டரின் உள்ளடக்கத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலாகலாம். ஈர விறகு வைத்த அடுப்பைப் போலச் சுடர் மெல்லப் பரவுகிறது. ஒரு முறை நன்றாக எரிந்த சிலிண்டர் மறுமுறை பாதி எரிந்து நிற்கிறது. நலமாக உள்ள என்ஜினிலும் இந்த ஏற்றத்தாழ்வு சிறிதளவு இருந்துகொண்டே இருக்கும். பழுது என்பது அந்த ஏற்றத்தாழ்வு எல்லை மீறுவதாகும்.

சுமை மாறினாலும் வேகம் மாறாமல் காப்பது பழைய சிக்கல். ஜேம்ஸ் வாட் தம் நீராவி இயந்திரத்துக்குச் சுழலும் குண்டுகளால் ஆன கவர்னரை 1788-இல் பொருத்தியது இதற்காகவே. அத்தகைய கவர்னர்கள் சில வேளைகளில் வேகத்தை நிலைநிறுத்துவதற்குப் பதிலாக அலைக்கழிப்பது ஏன் என்பதைக் கணிதத்தால் ஆராய்ந்து ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 1868-இல் எழுதிய கட்டுரை, கட்டுப்பாட்டியலின் தொடக்கங்களுள் ஒன்றாக இன்றும் மதிக்கப்படுகிறது. இன்றைய காரில் அந்தக் குண்டுகளின் இடத்தில் ஈ.சி.யூ. எனப்படும் மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவி இருக்கிறது. ஏசி இயங்கத் தொடங்கும் கணத்தில் வேகம் விழாமல் தாங்க அதற்கு இரண்டு வழிகள் உண்டு. த்ராட்டிலையோ அதற்கென உள்ள தனி வால்வையோ திறந்து கூடுதல் காற்றைவிடலாம். ஆனால் மேனிஃபோல்டு நிரம்பிச் சிலிண்டருக்குப் பலன் கிடைக்கச் சில எரிதல்கள் கடந்துவிடும். ஸ்பார்க் விழும் நேரத்தை மாற்றினால் அடுத்த எரிதலிலேயே பலன் கிடைக்கும். அதற்காகவே ஐடிலிங்கில் ஸ்பார்க்கை வேண்டுமென்றே சற்றுத் தாமதப்படுத்தி வைத்திருந்து, தேவைப்படும்போது முன்னே கொண்டுவருகிறார்கள். இந்தச் சேமிப்பு தீர்ந்துபோன என்ஜின்தான் ஏசி போட்டவுடன் அல்லது ஸ்டியரிங்கைத் திருப்பியவுடன் முனகி நின்றுவிடுகிறது.

பழுதைத் தேடுவோர் மனத்தில் நிறுத்த வேண்டிய முதல் உண்மை இங்கேதான் இருக்கிறது: ஈ.சி.யூ. குறையைச் சரிக்கட்டிக்கொண்டே இருக்கிறது, சரிக்கட்ட முடிகிறவரை அதை மறைத்தும் வைக்கிறது. கார்பரேட்டர் இருந்த காலத்தில் குறை நேரடியாக வெளியே தெரிந்தது; மெக்கானிக் திருகைத் திருகி, காதால் கேட்டு, கலவையைச் சரிசெய்தார். இப்போது பெட்ரோலுக்கும் காற்றுக்கும் உள்ள விகிதத்தை, ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற எடை அளவில் காப்பாற்றும் பொறுப்பு, புகைக்குழாயில் உள்ள ஆக்ஸிஜன் சென்சாரின் துணையோடு ஈ.சி.யூ.வுக்கு உரியது. புகையில் ஆக்ஸிஜன் மிகுந்தால் அந்தச் சென்சார் 0.1 வோல்ட் அளவிலும், குறைந்தால் 0.9 வோல்ட் அளவிலும் மின்னழுத்தம் தருகிறது. அதைப் பார்த்து ஈ.சி.யூ. பெட்ரோலைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது. இந்தக் கூட்டல் கழித்தல் விழுக்காடாகக் கணக்கிடப்பட்டு எரிபொருள் திருத்தம் என்ற பெயரில் ஸ்கேனர் திரையில் காணக் கிடைக்கிறது. கணத்துக்குக் கணம் மாறுவது குறுகிய காலத் திருத்தம். அதன் போக்கைக் கற்று நினைவில் பதித்துக்கொள்வது நீண்ட காலத் திருத்தம். இரண்டின் கூட்டுத்தொகை 10 விழுக்காட்டைத் தாண்டினால், குலுக்கல் இன்னும் தொடங்காத என்ஜினிலும் ஏதோ ஒன்று கோளாறாகியிருக்கிறது என்றே கொள்ளலாம். அமெரிக்காவில் 1996 முதலும், இந்தியாவில் பி.எஸ்.-4 கார்களுக்கு இரண்டாம் கட்டமாக 2013 ஏப்ரல் முதலும் கட்டாயமாக்கப்பட்ட தற்கண்டறிதல் முறை இந்த எண்களை விலை குறைந்த கருவியிலும் படிக்க வழி செய்திருக்கிறது. இருந்தும் பழுதுக் குறியீட்டை மட்டும் படித்துவிட்டு அந்த எண்களைப் பார்க்காமல் பாகங்களை மாற்றும் வழக்கம் பரவலாக இருப்பது வருத்தத்துக்குரியது.

திருத்த எண்கள் எவ்வளவு சொல்லக்கூடும் என்பதற்கு வேக்குவம் லீக் எனப்படும் காற்றுக் கசிவே சிறந்த சான்று. த்ராட்டிலுக்குப் பின்னால் ஒரு ரப்பர் குழாய் வெடித்துவிட்டாலோ, கேஸ்கட் சுருங்கிவிட்டாலோ, வெளிக்காற்று அந்த ஓட்டை வழியே குறைந்த அழுத்தமுள்ள மேனிஃபோல்டுக்குள் பாய்கிறது. ஓட்டைக்கு இருபுறமும் உள்ள அழுத்தங்களின் விகிதம் ஏறத்தாழ 0.53-க்குக் கீழே போனால், ஓட்டையின் குறுகிய இடத்தில் காற்று ஒலியின் வேகத்தை எட்டிவிடும். அதற்கு மேல் உள்ளழுத்தம் எவ்வளவு குறைந்தாலும் பாயும் காற்றின் அளவு கூடாது. ஐடிலிங்கில் விகிதம் 0.35 அளவில் இருப்பதால், கசியும் காற்றின் அளவை ஓட்டையின் பரப்பு மட்டுமே தீர்மானிக்கிறது. 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓட்டை வழியே நொடிக்குச் சுமார் 0.6 கிராம் காற்று நுழையும் என்று கணக்கிடலாம். 1.2 லிட்டர் என்ஜின் ஒன்று ஐடிலிங்கில் நொடிக்கு இரண்டு கிராமை ஒட்டிய காற்றையே உட்கொள்ளுவதால், இந்தக் கசிவு அதில் கால் பங்குக்கும் மேல். 3000 சுற்றில் சுமையோடு நொடிக்குப் பதினைந்து கிராம் உட்கொள்ளும்போது, அதே கசிவு நான்கு விழுக்காட்டைத் தாண்டாது. ஆகவே ஐடிலிங்கில் திருத்தம் பெரிய கூட்டலாக இருந்து, என்ஜினை 2500 சுற்றில் பிடித்து வைத்ததும் சுழியை நோக்கி இறங்கினால், அது கசிவின் அடையாளம். மாறாக ஐடிலிங்கில் ஒழுங்காக இருந்து சுமை ஏறஏறக் கூட்டல் பெருகுமானால், பெட்ரோல் பம்பின் தளர்ச்சியையோ வடிகட்டியின் அடைப்பையோ தேட வேண்டும். இந்தியாவில் 2023 முதல் விற்பனைக்கு வந்த 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஒரு பங்குக்குச் சுமார் பதின்மூன்றரைப் பங்கு காற்றே தேவை என்பதால், பழைய பெட்ரோலுக்கு அளவமைத்த கார்களில் எல்லா வேகத்திலும் சமமாகச் சில விழுக்காடு கூட்டல் தெரியும்; அதைக் கசிவென்று மயங்கக் கூடாது.

மேலே சொன்ன விதி, உள்ளே வரும் காற்றை வழியிலேயே நேரடியாக அளக்கும் சென்சார் பொருத்திய கார்களுக்கு உரியது. அளவைக்குத் தப்பி வரும் காற்று அங்கே கலவையை மெலியச் செய்கிறது. பல சிறிய கார்களிலோ மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளந்து, அதிலிருந்து காற்றின் அளவைக் கணிக்கிறார்கள். கசிந்த காற்றும் அந்த அழுத்தத்தை உயர்த்துவதால், ஈ.சி.யூ. அதற்குரிய பெட்ரோலையும் சேர்த்தே தெளித்துவிடுகிறது; கலவை கெடுவதில்லை, வேகம்தான் உயர்கிறது. வேகத்தைக் குறைக்க ஈ.சி.யூ. தன் காற்று வழியை முழுதும் மூடிய பின்னும் வேகம் குறையாவிட்டால், சில கார்களில் வினோதமான ஓர் ஊசலாட்டம் தோன்றுகிறது: த்ராட்டில் மூடியிருக்க வேகம் மட்டும் மிகுந்திருப்பதைக் கண்ட ஈ.சி.யூ., கார் சரிவில் இறங்குவதாகக் கருதிப் பெட்ரோலை நிறுத்துகிறது, வேகம் விழுந்ததும் மீண்டும் தருகிறது, வேகம் ஏறுகிறது. மேக்ஸ்வெல் ஆராய்ந்த அலைக்கழிப்பின் உறவினர் இது. இத்தகைய காரில் எரிபொருள் திருத்தம் சுழியில் இருப்பதைப் பார்த்துக் கசிவு இல்லை என்று முடிவுகட்டுவோர் தவறான வழியில் நெடுந்தூரம் போய்விடுவர். கசிவுள்ள இடத்தைக் கண்டுபிடிக்க மேனிஃபோல்டுக்குள் புகையை மெல்லச் செலுத்தி, அது வெளியேறும் இடத்தைப் பார்ப்பதே பாதுகாப்பான முறை. எளிதில் தீப்பற்றும் கிளீனரைச் சூடான என்ஜின் மேல் தெளித்து வேகம் மாறுகிறதா என்று பார்க்கும் வழக்கம் ஆபத்தானது.

ஆக்ஸிஜன் சென்சாரின் சொல்லையும் அப்படியே நம்பிவிட முடியாது, ஏனெனில் அது அறிவது ஆக்ஸிஜனை மட்டுமே, பெட்ரோலை அன்று. ஒரு சிலிண்டரில் ஸ்பார்க் விழாமல் கலவை எரியாமலே வெளியேறினால், அதிலுள்ள ஆக்ஸிஜன் முழுவதும் சென்சாரை வந்தடைகிறது. சென்சார் கலவை மெலிந்திருப்பதாக அறிவிக்க, ஈ.சி.யூ. குற்றமற்ற மற்றச் சிலிண்டர்களுக்கும் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கிறது. சென்சாருக்கு முன்னால் புகைக்குழாயில் விரிசல் இருந்தாலும், புகைத் துடிப்புகளுக்கு நடுவே வெளிக்காற்று உறிஞ்சப்பட்டு இதே பொய்யறிக்கை எழுகிறது. கலவை மெலிந்தது என்ற பொருளுள்ள பி0171 குறியீட்டைக் கண்டதும் ஆக்ஸிஜன் சென்சாரையே மாற்றிவிடுவது, செய்தி கொண்டுவந்தவரைத் தண்டிப்பதற்கு ஒப்பாகும்.

குறை ஒரே சிலிண்டரில் இருக்கிறதா, எல்லாவற்றிலும் பரவியிருக்கிறதா என்ற கேள்வி அடுத்து எழுகிறது. ஒவ்வொரு சிலிண்டரின் இன்ஜெக்டர் இணைப்பையும் மாறிமாறித் துண்டித்து, வேகம் எவ்வளவு விழுகிறது என்று பார்த்தால், எந்தச் சிலிண்டரைத் துண்டித்தபோது வேகம் விழவில்லையோ அதுவே வேலை செய்யாத சிலிண்டர். ஸ்பார்க் வயரைப் பிடுங்கிச் சோதிக்கும் பழைய முறை இன்று பொருந்தாது. பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தம் வழி தேடிக் காயிலையோ ஈ.சி.யூ.வையோ கெடுக்கும் என்பதோடு, எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடக்கூடும். செக் என்ஜின் லைட் நிலையாக எரியாமல் விட்டுவிட்டு மின்னுவது அந்தச் சேதம் நேரும் நிலையைக் குறிக்கும் எச்சரிக்கை. அப்போது காரை மேற்கொண்டு ஓட்டக் கூடாது. பழுதான சிலிண்டரின் காயிலை நல்ல சிலிண்டரோடு இடம் மாற்றிப் பார்த்து, குறையும் கூடவே இடம் மாறினால் காயில்தான் காரணம். மாறாவிட்டால் பிளக்கையும் இன்ஜெக்டரையும் அதே வழியில் சோதிக்கலாம். ஐடிலிங்கில் இன்ஜெக்டர் ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று மில்லி நொடிகளே திறந்திருக்கிறது. அதிலும் ஏறக்குறைய ஒரு மில்லி நொடி, ஊசி எழும்புவதற்கே போய்விடுகிறது. ஆகவே சிறிய அடைப்பும் இங்கே பெரிதாகத் தெரியும். எதை மாற்றியும் குறை அதே சிலிண்டரில் தங்கினால், அழுத்தச் சோதனை செய்து வால்வு கருகியிருக்கிறதா, பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை, எந்த ஈ.சி.யூ.வாலும் சரிக்கட்ட முடியாத குறை அது.

எல்லாச் சிலிண்டர்களும் ஒருசேரத் தடுமாறினால், தடுமாற்றம் எப்போது வருகிறது என்பதே பாதி விடை. பிரேக் பெடலை மிதிக்கும்போது மட்டும் வேகம் மாறினால் பிரேக் பூஸ்டரின் சவ்வு கிழிந்திருக்கலாம். டேங்க் நிரப்பிய உடனே என்ஜின் திணறினால், பெட்ரோல் ஆவியைக் கரி டப்பாவிலிருந்து மேனிஃபோல்டுக்கு விடும் பர்ஜ் வால்வு மூடாமல் சிக்கியிருக்கக்கூடும். புகையின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும் ஈ.ஜி.ஆர். வால்வு மூடாமல் நின்றுவிட்டால், ஏற்கெனவே எரிந்த வாயு மிகுந்துள்ள ஐடிலிங்கில் எரிதல் நிற்கும் அளவுக்குப் போய்விடும். வேகமெடுத்ததும் கார் நன்றாகவே ஓடும். சிக்னலில் வந்து நிற்கும்போதெல்லாம் ஆஃப் ஆகும் கார்களில் பெரும்பாலும் த்ராட்டில் தகட்டின் விளிம்பில் எண்ணெய்ப் புகை படிந்து கரியாக இறுகியிருக்கிறது. அதைச் சுத்தம் செய்த பின் வேகம் திடீரென்று உயர்ந்துவிடுவதும் உண்டு. அழுக்கோடு வாழக் கற்றுக்கொண்ட ஈ.சி.யூ., புதிய இடைவெளியை மறுபடி கற்க வேண்டியிருக்கிறது.

காலையில் குளிர்ந்த என்ஜின் மட்டும் நின்றுபோனால், தண்ணீரின் வெப்பத்தை அளக்கும் சென்சாரைச் சோதிக்க வேண்டும். வெப்பம் ஏறஏற மின்தடை குறையும் பொருளால் ஆன அது, பெரும்பாலான கார்களில் 20 பாகை செல்சியஸில் 2000 முதல் 3000 ஓம் வரையிலும், 80 பாகையில் 300 ஓம் அளவிலும் காட்டும். குளிர்ந்த என்ஜினைச் சூடானதாக அது அறிவித்துவிட்டால், ஆவியாகத் தயங்கும் பெட்ரோலுக்கு ஈடாகத் தர வேண்டிய கூடுதல் பெட்ரோலை ஈ.சி.யூ. தராது. இதற்கு எதிர்மாறாக, நன்றாகச் சூடேறிய பின் முன்னறிவிப்பின்றி நின்று, அரை மணி நேரம் ஆறிய பின் எதுவுமே நடக்காததுபோல் மீண்டும் ஓடும் என்ஜினில், கிராங்க் தண்டின் நிலையை அறிவிக்கும் சென்சார் மேல் சந்தேகம் விழ வேண்டும். அதனுள் உள்ள நுண்கம்பி சூட்டில் விரிந்து துண்டிக்கப்பட்டு, குளிர்ந்ததும் ஒன்றுசேர்கிறது. அத்தகைய நிறுத்தத்தில், என்ஜின் இன்னும் சுழன்றுகொண்டிருக்கும்போதே டேக்கோமீட்டரின் முள் பல கார்களில் ஒரே அடியாகச் சுழிக்கு விழும். பெட்ரோல் தீர்ந்தோ பம்ப் தளர்ந்தோ நின்றால் என்ஜின் திணறித் திணறி நிற்க, முள்ளும் அதனோடு இறங்கும். ஓடும் காரில் இப்படி நேர்ந்தால் ஸ்டியரிங் கனத்துவிடும் என்பதையும், பிரேக்குக்கு இரண்டொரு மிதிகளுக்கே உதவி மிஞ்சியிருக்கும் என்பதையும் ஓட்டுநர் அறிந்திருக்க வேண்டும். அந்த மிதிகளைச் சிறுசிறு அழுத்தங்களாக வீணாக்காமல், ஒரே சீராக அழுத்திக் காரை ஓரம் சேர்ப்பது உயிர் காக்கும்.

இப்படி எப்போதாவது வரும் பழுதில், ஸ்கேனரை இணைத்ததும் குறியீடுகளை அழித்துவிடுவதுதான் பெரிய இழப்பு. பழுது பதிவான கணத்தில் என்ஜின் வேகம், சுமை, வெப்பம், திருத்தம் ஆகியவை எவ்வாறு இருந்தன என்ற பதிவை ஈ.சி.யூ. குறியீட்டோடு சேர்த்து வைத்திருக்கிறது. அழிக்கும்போது அதுவும், பல கார்களில் நீண்ட காலத் திருத்தமும் சேர்ந்தே போய்விடுகின்றன. பேட்டரியைக் கழற்றி மாட்டுவதிலும் பெரும்பாலும் இதே இழப்பு நேர்வதால், அதன் பின் ஓரிரு நாள் நன்றாக ஓடும் காரைப் பழுது நீங்கியதாகக் கொள்ள முடியாது. முதலில் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, பழுது நீக்கிய பிறகு அழித்து, நகரத் தெருவிலும் நெடுஞ்சாலையிலும் காரை ஓட்டி, என்ஜின் நன்றாகச் சூடேறிய நிலையில் ஐடிலிங்கிலும் 2500 சுற்றிலும் திருத்தத்தை மறுபடி படிக்க வேண்டும். இரண்டு இடங்களிலும் அது சுழியை ஒட்டி நின்றால் மாற்றிய பாகம் சரியான பாகம். ஐடிலிங்கில் மட்டும் அது பழைய எண்ணை நோக்கி மெல்ல ஏறத் தொடங்கினால், குலுக்கல் நின்றிருந்தாலும் புகைச் சோதனையை மீண்டும் செய்தாக வேண்டும்.